வள்ளிமலைக்குப் போன பட்டு

முத்துக்குமாருக்குப் பைத்தியம் இரண்டு என்று அவர் தெருவில் சொல்வார்கள். ஒன்று தறி, மற்றது சைக்கிள். இரண்டுக்கும் கால்தான் வேண்டும். திங்கள் முதல் சனி வரை தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பார். ஞாயிறு வந்தால் அதே காலைத் தூக்கி சைக்கிளில் போட்டு மிதிப்பார். அந்தக் காலுக்கு ஒருநாள் லீவு விடக் கூடாதா என்று மனைவி சங்கீதா கேட்காத வாரமில்லை. காஞ்சிபுரத்தில் ஐம்பதை எட்டப்போகும் பட்டு நெசவாளி ஒருவர், ஹெல்மெட்டும் அரைக்கால் டவுசருமாக, ஆட்டுக்கொம்பு மாதிரி ஹேண்டில்பார் வளைந்த சைக்கிளில் விடியற்காலையில் கிளம்பினால் தெரு சிரிக்கத்தான் செய்யும். சிரித்தவர்கள் பல் துலக்கி முடிப்பதற்குள் அவர் தாமல் ஏரியைத் தாண்டியிருப்பார்.

அந்தச் சைக்கிள் பைத்தியத்தை அவருக்குப் பிடிக்க வைத்ததே அண்ணன் கலியாணசுந்தரம்தான். பின்னாளில் அதே அண்ணன்தான் அதை வெறுத்தார்.

அப்பா போனபோது முத்துக்குமாருக்கு ஒன்பது வயது, அண்ணனுக்கு இருபது. அடுத்த இரண்டாவது வருஷம் அம்மா படுத்துவிட்டாள். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் யார் உயிராவது இழுத்துக்கொண்டிருந்தால், அவர் பேரில் நாலு முழம் பட்டு நெய்து வள்ளிமலைக்குக் கொண்டுபோய் வள்ளிக்குச் சார்த்த வேண்டும். அதற்குச் சில கட்டுப்பாடுகள். தறியிலிருந்து அறுத்த துணி வீட்டில் ராத்தங்கக் கூடாது, அன்றைக்கே வள்ளியிடம் போய்ச் சேர வேண்டும். கொண்டுபோகிறவர் எஞ்சின் வைத்த எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. முன்னோர்கள் நடந்தார்கள், அப்பா காலத்தில் சைக்கிள் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலே தீட்டு. வழியில் பங்காளி வீட்டுச் சாவுச் செய்தி காதில் விழுந்துவிட்டால் அந்த நிமிஷமே திரும்பிவிட வேண்டும். பதினாறு நாளைக்குக் கோயில் வாசற்படி மிதிக்கக் கூடாது, அந்தத் துணி பிறகு சாமிக்கு ஆகாது.

அம்மாவுக்காக அண்ணன் பட்டு நெய்தார். தனியாகப் போகப் பயந்தோ என்னவோ, தம்பியையும் கேரியரில் உட்கார வைத்து எண்பது சொச்சம் கிலோமீட்டர் மிதித்தார். அன்றுதான் முத்துக்குமார் முதன்முதலாக ஏரிகளைப் பார்த்தார். காவேரிப்பாக்கம் ஏரிக்கு அக்கரையே இல்லை என்று நினைத்தார். பாணாவரம் தாண்டியதும் ஒன்றன்பின் ஒன்றாக மலைகள் கிளம்பி வந்தன. மேடு வரும்போதெல்லாம் இறங்கி சைக்கிளைப் பின்னாலிருந்து தள்ளினார். அம்மா பிழைத்தாள், இன்னும் பன்னிரண்டு வருஷம் இருந்தாள். வள்ளி காப்பாற்றினாளா, கவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டர் காப்பாற்றினாரா என்று வாதாட நமக்கு யோக்கியதை இல்லை. முத்துக்குமாருக்கு அதில் சந்தேகம் கிடையாது.

முத்துக்குமாருக்குப் பதினெட்டு வயதானதும் அண்ணன் தம்பி இருவரும் ஒரே தறியில் உட்கார்ந்தார்கள். கோர்வைச் சேலை ஒற்றை ஆளால் ஆகிற காரியமில்லை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடல் இழை ஓட்டும் நாடாவை ஒருவர் எறிய, கரை நாடாவை ஓரத்தில் இருப்பவர் எறிந்து, இழைக்கு இழை இரண்டையும் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரிய வேண்டும். இருபத்தாறு வருஷம் அப்படி நெய்தார்கள். அவர்கள் கையில் கரை பிசகியது என்று யாரும் சொன்னதில்லை.

முப்பத்தெட்டாவது வயதில் முத்துக்குமார் சைக்கிள் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்று சேர்ந்தது. அதில் நெருக்கமானவர் முசரவாக்கம் தணிகாசலம். விவசாயக் குடும்பம், சிமெண்ட் கடையும் உண்டு. தாமல், காவேரிப்பாக்கம், சோளிங்கர் என்று ஏரிக்கரையோடும் மலையடிவாரத்தோடும் போய்வருவார்கள். வழியில் ஊர்கள் அப்போதுதான் கண்விழித்துக்கொண்டிருக்கும். அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. சாமிக்காக மிதிப்பது சரி, சும்மா மிதிப்பது என்ன கணக்கு என்பார். ஆனாலும் தடுத்ததில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, சோளிங்கர் இறக்கத்தில் மணல் சறுக்கி முத்துக்குமார் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. தறியில் அப்போது ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. அண்ணன் வேறொருவரை ஓரத்தில் உட்கார வைத்து முடித்தார். கரை பிசகிவிட்டது. பெண் வீட்டார் தெருவே பார்க்கச் சேலையை விரித்துக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை, கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டிக்கொண்டு வந்து நின்ற தம்பியைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில் கலியாணசுந்தரம் சொன்னார்:

"உன் காலு தறிக்கு ஆவாதுடா. ரோட்டுக்குத்தான் ஆவும். போ, அந்த ரோட்லயே சாவு!"

அப்பா ஸ்தானத்தில் இருந்தவர் வாயிலிருந்து வந்த சொல். முத்துக்குமார் எலும்பு கூடியதும் நாலு வீடு தள்ளித் தனித்தறி போட்டுக்கொண்டார். சங்கீதா கரை நாடா எறியப் பழகிக்கொண்டாள். நாலு வருஷம் அண்ணனும் தம்பியும் ஒரே தெருவில் இருந்துகொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சைக்கிளை மட்டும் முத்துக்குமார் விடவில்லை. வீம்பு என்று தெரு சொன்னது. தெரு சொன்னதில் பொய்யில்லை.

போன வருஷம் கார்த்திகை மாதம் அண்ணன் ஆஸ்பத்திரியில் படுத்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. பார்க்கலாம் என்றார் டாக்டர். டாக்டர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அண்ணன் மகள் கீர்த்தி காலேஜுக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். சங்கீதா தினமும் காலையில் கஞ்சி கொண்டுபோனாள். முத்துக்குமார் அவளை மொபெட்டில் கொண்டுபோய் கேட்டருகே இறக்கிவிட்டு எதிர் டீக்கடையில் நிற்பார். உள்ளே போகமாட்டார்.

"அவரும் உங்கள கேக்கல, நீங்களும் உள்ள வரல. ரெண்டு பேரு வாயிலயும் இன்னா கொழுக்கட்டையா?" என்று சங்கீதா பொரிந்தாள்.

"வெறுங்கையோட போயி இன்னா பேசறது?" என்றார் முத்துக்குமார்.

அதுதான் அவர் சுபாவம். கையில் ஏதாவது இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. அதனால் நெய்ய உட்கார்ந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, நாலு முழம். வள்ளிக்குச் சார்த்திவிட்டு அந்த விபூதியோடு நேராக அண்ணன் கட்டிலுக்குப் போவது, நெற்றியில் பூசிவிட்டு 'அண்ணா' என்று கூப்பிடுவது. கூப்பிட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பினார். அண்ணன் பிழைக்க வேண்டும், அண்ணனிடம் பேச வேண்டும். இந்த இரண்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

கார்த்திகை கடைசிச் செவ்வாய், விடியற்காலையில் குளித்துவிட்டுத் துணியை அறுத்தார். புது வேட்டியில் சுற்றி முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். போனை வழக்கம்போல ஹேண்டில்பாரில் மாட்டினார். முசரவாக்கத்தில் தணிகாசலம் சேர்ந்துகொண்டார். வயலுக்கு உரம் போட ஆள் வருகிறது, காவேரிப்பாக்கம் வரைதான் வரமுடியும் என்று முன்னமே சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் மழை ஏமாற்றவில்லை. ஏரியெல்லாம் ரொம்பிக் கிடந்தது. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் அவர்கள் ஏறியபோது உபரித் தண்ணீர் கலங்கல் வழியே விழுந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலில் போன் அடித்தது காதில் விழவில்லை, திரையில் பேர் தெரிந்ததைத்தான் பார்த்தார். கீர்த்தி.

கீர்த்தி அவருக்குப் போன் செய்து நாலு வருஷமாகிறது.

முத்துக்குமார் பிரேக்கைப் பிடித்தார். கை போன் பக்கம் போய், பாதியில் நின்றது. மணி அடித்து ஓய்ந்தது.

"இன்னாண்ணா, எடுக்கல? யாரு?" என்றார் தணிகாசலம்.

"அண்ணன் பொண்ணு."

தணிகாசலத்துக்குப் புரிந்துவிட்டது.

"எடுத்தா தெரிஞ்சிடும், தணிகா. தெரிஞ்சா தீட்டு. இந்தத் துணிய இப்டியே திருப்பிக்கினு போவணும். அண்ணனுக்குன்னு நான் செய்யறது இது ஒண்ணுதான்."

"காதுல விழுந்தாத்தானே தீட்டு? எங்க ஊர்லயும் அப்டித்தான். நீ எடுக்காத. போயி சார்த்திட்டு வந்துடு. எதுவா இருந்தாலும் அப்புறம் பாத்துக்கலாம்."

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தணிகாசலம் அவர் தோளில் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். முத்துக்குமார் மேலே மிதித்தார்.

இரண்டாவது அழைப்பு பாணாவரத்துக்கு முன்னால் வந்தது. மூன்றாவது, ரயில்வே கேட்டில் நின்றபோது. போனைக் கழற்றி, சத்தத்தை அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சோளிங்கர் மலை வலது பக்கம் எழுந்து நின்றது. நாலாவது முறை பை அதிர்ந்தபோது எடுத்துப் பார்த்தார். சங்கீதா. அவருக்கு மிச்சமிருந்த கொஞ்ச நம்பிக்கையும் அங்கே போய்விட்டது. அவர் எதற்காகப் போகிறார் என்று தெரிந்தவள், வழக்கம் தெரிந்தவள், அவளே கூப்பிடுகிறாள் என்றால் வேறு என்ன இருக்கும்?

போய்விட்டார் என்று நினைத்தால் திரும்பியிருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். மனசு அப்படி நேராகக் கணக்குப் போடுவதில்லை. காதில் விழாத வரைக்கும் அண்ணன் இருக்கிறார். வள்ளி காலில் துணி விழுகிற வரைக்கும் அண்ணனைச் சாகவிடக் கூடாது. போனை எடுத்தால் தன் காதாலேயே அவரைக் கொன்ற மாதிரி. இப்படித்தான் அவருக்கு ஓடியது. சிரிக்காதீர்கள், நம் எல்லாருக்கும் ஒருநாள் இப்படி ஓடும்.

சோளிங்கர் தாண்டினால் பாதை மலைகளுக்கு நடுவே ஏறி ஏறி இறங்கும். ஒரு மேட்டின் உச்சியிலிருந்து பார்த்தால் கீழே சின்னதாக ஒரு ஏரி, ஏரிக்குப் பக்கத்தில் இருபது முப்பது வீடு, ஒரு கோயில். அதை விட்டு இறங்கி அடுத்த மேடு ஏறினால் இன்னொரு ஏரி, இன்னொரு ஊர். மற்ற ஞாயிறுகளில் அந்த மேடுகளில் வாய்விட்டுப் பாடுவார். அன்று அழுதார். அழுதுகொண்டே மேடு ஏறுவது லேசில்லை, மூச்சு இரண்டுக்கும் போதாது. ஒரு மேட்டில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினார். ஐந்தாவது அழைப்பு அங்கேதான் வந்தது. கீர்த்தி. கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை மட்டும் அதிர்ந்தது. குரல் செய்தி ஒன்று. திறக்கவில்லை.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. பொன்னை ஆற்றுப் பாலம் தாண்டி, வள்ளிமலை அடிவாரத்தில் சைக்கிளைப் பூக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் படியேறினார். எண்பது சொச்சம் கிலோமீட்டர் மிதித்த கால் நானூற்றுச் சொச்சம் படியில் நடுங்கியது. மேலே குகைக் கோயிலில் கூட்டமில்லை. குருக்கள் துணியை வாங்கி இரண்டு கையாலும் விரித்துப் பார்த்தார்.

"நல்ல நெசவு. யார் பேருக்கு?"

"கலியாணசுந்தரம். உத்திர நட்சத்திரம். உடம்பு சரியில்ல சாமி."

"என்ன வேணும் உமக்கு?"

"அண்ணன்."

"தீட்டு ஒண்ணுமில்லையே?"

"இல்ல சாமி" என்றார் முத்துக்குமார். பொய் சொல்கிறோம் என்று நினைத்தார். குகைச் சுவரோரம் இருந்த கடிகாரத்தில் மணி பத்தேகால். அரக்கும் பச்சையுமாகத் துணி வள்ளி மேல் ஏறியது. மணி அடித்தது. விபூதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு இறங்கினார்.

அடிவாரத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார். முதலில் குரல் செய்தியைத் திறந்தார். கீர்த்தியின் அழுகையை எதிர்பார்த்துக் காதில் வைத்தார். கேட்டது அண்ணன் குரல்.

"முத்து… நான்தான்டா. நீ வள்ளிமலைக்கு சைக்கிள்ல போயிக்கினு இருக்கறன்னு சங்கீதா சொல்லுது. வண்டிய ஓரமா நிறுத்துடா. அன்னிக்கு ரோட்ல சாவுன்னு சொல்லிட்டேன். எந்த வாயோட சொன்னேனோ, நாலு வருஷமா நெஞ்சுல நெருப்பா கெடக்குது. நீ ஞாயித்துக்கெழம போவும்போதெல்லாம் நீ வர்ற வரைக்கும் வாசல்லதான் நிப்பேன். உன் தலை தெரிஞ்சதும் உள்ள போயிடுவேன். இன்னிக்கு என்னால வாசல்ல நிக்க முடியலடா. சொன்ன வாயாலயே அத திருப்பி எடுத்துக்கணும். நீ காதால கேக்கணும், அப்பத்தான் அது எடுத்தது. எத்தினி வாட்டி அடிக்கறது… எடு முத்து. போன எடுடா."

அதற்குக் கீழே கீர்த்தியின் எழுத்து. 'அப்பா போய்ட்டாரு சித்தப்பா.' வந்த நேரம் பத்து ஐம்பத்திரண்டு.

முத்துக்குமார் நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பத்தேகாலுக்குத் துணி சார்த்தியாயிற்று. ஐந்து முறை மணி அடித்தபோதும் அண்ணன் உயிரோடுதான் இருந்தார். குருக்களிடம் சொன்னது பொய்யே இல்லை. தீட்டு என்று ஒன்று அந்த வழி நெடுக எங்கேயும் இருக்கவில்லை. ஏரிக்கரையில் நின்று எடுத்திருக்கலாம். ரயில்வே கேட்டில் நின்று எடுத்திருக்கலாம். அண்ணன் தன் வார்த்தையை எடுத்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பார், இவரும் நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஒருமுறை 'அண்ணா' என்று சொல்லியிருப்பார். பூக்காரம்மா பயந்துபோய் ஓடிவந்து தண்ணீர் கொடுத்தாள். வாங்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

கீர்த்தியைக் கூப்பிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏன் சித்தப்பா எடுக்கல? உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கினேதான் அப்பா போனாரு."

போனை வைத்துவிட்டுத் தணிகாசலத்தைக் கூப்பிட்டார்.

தணிகாசலம் சிமெண்ட் கடை வேனை எடுத்துக்கொண்டு வந்தார். நடந்ததைக் கேட்டதும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "நான்தான்ணா எடுக்காதன்னேன்" என்றார். சைக்கிளைப் பின்னால் ஏற்றினார்கள். சோளிங்கர், பாணாவரம், காவேரிப்பாக்கம் வழியே இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள். வீட்டு வாசலில் கிடத்தியிருந்த அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு முத்துக்குமார் கூப்பிட்டார். தெருவே அழுதது. கூப்பிட்டதைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை.

ஒரு வருஷமாகிவிட்டது. முத்துக்குமார் இன்னும் நெய்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் மிதிக்கிறார். கிளம்பும்போது கீர்த்தியிடம் சொல்லிக்கொண்டு போகிறார், ஊர் எல்லைக்கு வந்ததும் அவளுக்குப் போன் செய்கிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. போன் அடித்தால் இரண்டாவது மணிக்கு விடமாட்டார். தறியில் நாடா பாதியில் நிற்கும். மேட்டில் பாதி ஏறியிருந்தாலும் காலைத் தரையில் ஊன்றிவிடுவார், அங்கே நின்றால் மறுபடி ஏறுவது எவ்வளவு கஷ்டம் என்று சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு சோளிங்கர் மேட்டில் அப்படித்தான் நின்றார். கூட வந்த தணிகாசலமும் நின்றார். ஏதோ ஒரு பெண், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிளாட் விற்கிறாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் என்றால் பாதியில் வெட்டியிருப்பார்கள். முத்துக்குமார் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் ஒப்பிப்பதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லையே என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், சார் லைன்ல இருக்கீங்களா என்று கேட்டாள்.

"இருக்கேன்மா. சொல்லு. கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றார் முத்துக்குமார்.